எல்ஷாவுக்கான துக்க ரொட்டி

பாஸ்தியான் கறுப்பு அங்கியும், தொப்பியிலிருந்து முழங்கால்வரை தொங்கும் கறுப்பு நாடாவுமாக வேலியைத் தாண்டி வருவதைப் பார்த்ததும், அலிடா அடுப்பிலிருந்த பானையை மூடினாள். யோசித்துச் செய்யவில்லை. நவம்பரிலிருந்து பழகிப்போன கை, யார் தலை தெரிந்தாலும் தானாக மூடியைத் தேடியது.

அந்த உடுப்பில் அவர் வந்தால் சாவுச் சேதி என்று அர்த்தம். மற்ற நாட்களில் பள்ளிக்கூட வாத்தியார், கோயில் மணியடிப்பவர். பனி உருகிச் சேறாகிக் கிடந்த பாதையில் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து, வாசலில் நின்று தொண்டையைச் செருமினார்.

"கட்டலீனா வீட்டு எல்ஷா. அஞ்சு வயசு. இன்னைக்குக் காலையில பால் கறக்கற நேரத்துல ஆண்டவர் எடுத்துக்கிட்டார். நாளை மறுநாள் மத்தியானம் அடக்கம். குடும்பத்தோட வந்துருங்க."

அலிடா வாசல்வழியே அந்தப் பக்கம் பார்த்தாள். அடுத்த வீடு. ஒரு வாரமாகக் காய்ச்சல் என்று தெரியும். எட்டிப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமில்லை.

கிழவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெறும் பாஸ்தியானாகப் பேசினார். "துக்க ரொட்டிக்குத்தான் வழியில்ல. இந்த ஆத்தங்கரையிலயே கையளவு கோதுமை கிடையாதே. சோளமாவுல தட்டினா விண்டு விண்டு போகுது, எழுத்து நிக்கல. கட்டலீனா பிள்ளைக்காகக்கூட இவ்வளவு அழல அலிடா, ரொட்டி இல்லாம அனுப்பறமேன்னு அழுவுறா."

எந்த வீட்டில் இழவு விழுந்தாலும், கோதுமை மாவில் சீரகம் போட்டு உள்ளங்கை அகலத்துக்கு ரொட்டி சுட்டு, செத்தவர் பெயரின் முதலெழுத்துகளை அதில் கீறி, வந்தவர்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்தனுப்புவார்கள். யாரும் தின்பதில்லை. வருஷக்கணக்கில் பரணில் இருக்கும். அலிடாவின் வீட்டிலேயே மாமனாருடையது, தம்பியுடையது என்று நான்கு இருந்தன. ரொட்டி இல்லாத சாவு, ஊர் மறந்துபோகும் சாவு.

அவர் போனதும் அலிடா உட்கார்ந்துவிட்டாள். வீட்டின் பின்பக்கம் ஒரு சின்ன அறை உண்டு. பிணத்தைக் கிடத்த மட்டும் திறக்கிற அறை. சாவுத் துணியும் சாவுக்கென்று வாங்கிய ஒயின் பீப்பாயும் அங்கேதான். எந்தக் குழந்தையும் அந்தக் கதவைத் தொடாது. அங்கே மூன்று மூட்டைக் கோதுமை இருந்தது. இரண்டு தீர்ந்து, இப்போது ஒன்று.

போன ஆகஸ்டில், ராஜாவை எதிர்த்து நின்ற படையிலிருந்து ஒருவன் குதிரையில் வந்து சொல்லிவிட்டுப் போனான். ராஜாவின் சிவப்புச் சட்டைக்காரர்கள் ஆற்றோடு இறங்கி வருகிறார்கள், வயலில் ஒரு மணி கோதுமைகூட அவர்களுக்குக் கிடைக்கக் கூடாது, கொளுத்துங்கள் என்று. ஆண்களெல்லாம் துப்பாக்கியோடு போய்விட்டிருந்தார்கள். பதினேழு வீடுகளிலும் பெண்கள்தான். விளைந்து தலை சாய்ந்து நின்ற பயிருக்குத் தீ வைக்க யாருக்குத்தான் மனசு வரும்? அலிடாதான் முதலில் பந்தத்தைக் கையில் எடுத்தாள். வீடு வீடாகப் போய்ச் சண்டை பிடித்தாள். "நம்ம கோதுமையைத் தின்னு வயித்த ரொப்பிக்கிட்டு நம்ம புருஷன்மாரையே சுடுவான். பரவால்லயாடி உங்களுக்கு?" என்றாள். ஒவ்வொரு வயலாகப் பற்றியது.

கட்டலீனா மட்டும் வரப்பில் எல்ஷாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். "அக்கா, ஒரு மூலையை மட்டும் விட்டுடலாமா? விதைக்காவது ஆகும்."

"ஒரு மூலை விட்டாலும் துரோகம்தான்டி" என்று சொல்லி அலிடா அவள் கையைப் பிடித்தாள். இருவருமாகத்தான் தீ வைத்தார்கள்.

அன்று விடியற்காலையிலேயே அலிடா தன் களஞ்சியத்துக்குப் பின்னால், பாதையிலிருந்து பார்த்தால் தெரியாத பள்ளத்தில் நின்ற ஒரு பட்டைக் கோதுமையை மட்டும் அறுத்து உள்ளே போட்டிருந்தாள். சொன்னதைப் பொய்யாகச் சொல்லவில்லை, அதுதான் வேடிக்கை. கொளுத்த வேண்டும் என்று மனசார நம்பினாள். தன் இரண்டு பிள்ளைகள் பட்டினி கிடக்கக் கூடாது என்றும் மனசார நம்பினாள். இரண்டும் ஒரே நெஞ்சில் எப்படி இருந்தன என்று அவளுக்கே தெரியாது.

சிவப்புச் சட்டைக்காரர்கள் வரவே இல்லை. இரண்டு நாள் நடை தூரத்தில் வடக்கே முடங்கி, தின்ன ஒன்றுமில்லாமல், அக்டோபரில் துப்பாக்கியைக் கீழே போட்டார்கள். பெண்கள் வைத்த தீதான் ராஜாவின் படையைத் தோற்கடித்தது என்று போதகர் பிரசங்கத்தில் சொன்னபோது கோயிலே திரும்பி அலிடாவைப் பார்த்தது. அவள் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செப்டம்பரில் விதைக்க விதையில்லாமல் ஊரே நின்றபோதும் அவள் வாயைத் திறக்கவில்லை. தன் வயலிலும் ஒரு மணி விதைக்கவில்லை. பச்சை முளைத்தால் காட்டிக்கொடுத்துவிடுமே.

ஊர் சோளக்கூழிலும் பூசணியிலும் குளிர்காலத்தை ஓட்டியது. டிசம்பரில் பூசணி தீர்ந்தது. அலிடா ரொட்டி சுட்டதில்லை, வாசனை தெரு தெருவாகப் போகும். மாவைக் கஞ்சியில் கரைத்துவிடுவாள். "உன் பிள்ளைங்க கன்னம் மட்டும் எப்படிடி உப்புது? காத்தைக் குடிச்சா?" என்று எதிர்வீட்டு ஃபெமா கேட்டபோது சிரித்து மழுப்பினாள்.

ஜனவரியில் ஒரு நாள் அலிடாவின் மகள் லேனாவோடு விளையாட வந்த எல்ஷா, சமையற்கட்டு வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினாள்.

"பெரியம்மா, கோதுமை வாசம் வருது."

அலிடா பானையை மூடினாள். "ஜலதோஷம் புடிச்ச மூக்குக்கு எல்லா வாசமும் வரும். போ, உங்கம்மா தேடுவா."

குழந்தை உடனே போகவில்லை. மூடியையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் போனது. ஒரு கிண்ணம் ஊற்றியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? ஊருக்குச் சொல்லிவிடுமே என்ற பயம். ஐந்து வயதுப் பிள்ளையைக் கண்டு அவ்வளவு பயந்தாள்.

இப்போது அந்தப் பிள்ளை பலகைமேல் கிடக்கிறது. காய்ச்சல்தான் கொண்டுபோனது என்று எல்லாரும் சொல்வார்கள். காய்ச்சலைத் தாங்க உடம்பில் என்ன இருந்தது என்று அலிடாவுக்குத் தெரியும்.

கோதுமையைக் கொண்டுபோய் ரகசியமாக வைத்துவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தாள். எங்கிருந்து வந்தது என்று கேட்க மாட்டார்களா? எந்த வழியாக யோசித்தாலும் தன் வாசலுக்கே வந்து நின்றது. ரொட்டி சுட்டால் ஊர் தன் முகத்தில் துப்பும். சுடாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு இந்த உலகத்தில் ஓர் அடையாளமும் இல்லை. அன்று பூராவும் இதுவே. சாயங்காலம் எழுந்து பின்னறைக் கதவைத் திறந்தாள். பிள்ளைகள் பயந்துபோய்ப் பார்த்தார்கள்.

மறுநாள் நல்ல வெளிச்சத்தில், முற்றத்து அடுப்பில், எல்லார் கண்ணும் பார்க்கச் சுட்டாள்.

வாசனை வேலியைத் தாண்டி, பாதையைத் தாண்டிப் போனது. ஒரு கதவு திறந்தது, அப்புறம் இன்னொன்று. பெண்கள் துணி உலர்த்துகிற கையோடு, பால் வாளியோடு, அப்படியே வந்து வேலியோரம் நின்றார்கள். ஃபெமாதான் கடைசியில் கேட்டாள்.

"என்னடி அலிடா? சிவப்புச் சட்டைக்காரன் வந்து கோதுமை குடுத்துட்டுப் போனானா?"

"இல்ல. என்னோடது. அறுத்து ஒளிச்சேன்."

"எங்க வயலைக் கொளுத்தச் சொல்லிட்டா?"

"ஆமா."

ஃபெமா எச்சிலைக் கூட்டினாள். ஆனால் துப்பவில்லை, விழுங்கிவிட்டாள். பசித்த வாய். அதைப் பார்த்தது, துப்பியிருந்தால் பட்டிருக்கும் அவமானத்தைவிட அலிடாவை அதிகம் சுட்டது. ரொட்டிகளை முடித்து, மூட்டையில் மிஞ்சிய பாதியை வேலிப்படல் அருகே வாய் திறந்து வைத்தாள். அவள் பார்த்தவரை யாரும் தொடவில்லை.

ரொட்டிகளைக் கொண்டுபோய்க் கட்டலீனாவின் மேஜைமேல் வைத்தாள். கட்டலீனா கத்தி முனையால் தன் மகளின் எழுத்துகளை ஒவ்வொன்றிலும் கீற ஆரம்பித்தாள். நாற்பத்திரண்டு ரொட்டி. அலிடா சுவரோரம் நின்றாள். போ என்றும் இரு என்றும் கட்டலீனா சொல்லவில்லை.

அடக்கம் முடிந்ததும் கட்டலீனா வாசலில் நின்று ஆளுக்கொன்று கொடுத்தாள். வைத்துப் பாதுகாக்க வேண்டிய ரொட்டியைப் பெரியவர்கள் உடுப்புக்குள் செருகினார்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பொறுக்கவில்லை, வேலியைத் தாண்டுமுன்பே எழுத்தோடு சேர்த்துக் கடித்துவிட்டன. யாரும் அதட்டவில்லை. அலிடா கடைசியில், கொடுக்காவிட்டால் பேசாமல் போய்விடுவதென்று நின்றிருந்தாள்.

"இந்தாக்கா. நீயும் துக்கத்துக்கு வந்தவதானே."

அலிடா கை நீட்டினாள். கட்டலீனா ரொட்டியைக் கையில் வைத்தாள், ஆனால் விரலை எடுக்கவில்லை.

"ஜனவரியிலேயே என்கிட்ட சொன்னா. பெரியம்மா வீட்ல கோதுமை வாசம் வருதும்மான்னு." குரல் உயரவே இல்லை. "உன்னைப் பத்திப் பொய் சொல்றாளேன்னு அடிச்சேங்கா. கன்னத்துல. நல்லா பலமா அடிச்சுட்டேன்."

விரலை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அலிடா கருகிய வயல் வழியாக வீட்டுக்கு நடந்தாள். வேலிப்படல் அருகே மூட்டை இல்லை. யார் எடுத்தார்களோ, எடுத்தவள் மவராசியாக இருக்கட்டும். சமையற்கட்டில் லேனா, மிச்சமிருந்த கடைசி மாவுக் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். அம்மாவின் தலை தெரிந்ததும் அவளும் மூடியை எடுத்துப் பானைமேல் வைத்தாள்.

"வெக்காதடி" என்றாள் அலிடா.

ரொட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டே மூடியை எடுத்துத் தரையில் போட்டாள். கதவை அகலத் திறந்தாள். ஈரக்காற்று உள்ளே வந்து, ஆவியை அள்ளிக்கொண்டு வெளியே போயிற்று. வாசற்படியில் எல்ஷா நின்ற இடத்தைத் தாண்டி, வேலியைத் தாண்டி, பாதைமேல் பரவிற்று. பாதையில் யாரும் இல்லை.