சுத்தமான புண்

எழுந்து பின்பக்கம் போய்விடலாம் என்று அவள் ஒரு காலை ஊன்றினாள். உடனே மாமியாரின் இரண்டு கைகள் தோளைப் பிடித்து உட்காரவைத்தன.

"எங்க போற? உக்காரு. காலையிலேர்ந்து ஒண்ணுமே குடிக்கலயே நீ."

சுவருக்கும் மாமியாருக்கும் நடுவே அவளுக்குக் கிடைத்தது ஒரு முழம் இடம். எதிரே, பஸ் ஓட்டியே பாதி ஆயுளைத் தீர்த்த கணவன் எந்த அவசரமும் இல்லாமல் நீட்டிக் கிடந்தான். வருகிறவர்களுக்கெல்லாம் மாமியார் ஒரே கதையைத்தான் சொன்னாள்.

"எம் மருமக தெனம் அவன் கால் புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டா. ஒரு சொட்டு சீழ் கெடையாது. அப்படிப் பாத்துக்கிட்டா. அவன் விதி, நாம என்ன செய்ய?"

துக்கம் கேட்க வந்த பெண்கள் அவளைப் பார்த்துத் தலையசைத்தார்கள். திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள். இந்தப் பாராட்டு இருக்கிறதே, தொண்டையில் சிக்கிய மீன்முள். விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது.

விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் உயிர் போனதும் டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது வேறு. மூட்டுவலிக்கு அவன் மாதக்கணக்கில் விழுங்கிய மாத்திரை எல்லாவற்றையும் மறைத்துவிட்டதாம்.

"கிருமி நுழைஞ்ச எடத்துல, ரத்தத்துல போற வெள்ளையணு வேகத்தைக் குறைச்சு ரத்தக்குழாய் சுவர்ல ஒட்டணும்மா. அப்புறம் இடுக்குல நுழைஞ்சு வெளிய வரணும். வந்து சண்டை போட்டுச் சாகுறதுதான் சீழ். இந்த மாத்திரை அதை ஒட்ட விடாது. அவர் ரத்தத்துல வெள்ளையணு எக்கச்சக்கம். எல்லாம் குழாய்க்குள்ளயே சுத்திட்டு இருந்துச்சு. தடுக்க ஆளில்லாம கிருமி ஒடம்பு பூரா பரவிடுச்சு."

"பஸ் நெறைய ஆள் இருந்தும் ஸ்டாப்புல நிக்காமப் போற மாதிரியா?" டிரைவர் பெண்டாட்டிக்கு வேறென்ன தோன்றும்.

"அதேதான். இறங்கவேண்டியவங்க இறங்கவே இல்ல."

ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று அவன் ஒருமுறை முனகத்தான் செய்தான். "சுத்தமாத்தானே இருக்கு, சும்மா பயப்படாத" என்று அடக்கியவள் அவள். பாவி, பாவி என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. இதைச் சொன்னால் இந்த வீட்டில் யார் முகத்தில் விழிப்பது? செத்தாலும் வாயைத் திறப்பதில்லை என்று மனதுக்குள் முடிவு கட்டிக்கொண்டாள்.

அப்போது கணவனின் அக்கா வந்து அவளை நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். உட்காரும்போது முகத்தைச் சுளித்தாள்.

"என்னாச்சு அண்ணி?"

"ஒண்ணுமில்லடி. போன மாசம் இரும்புக் கதவுல குதிகாலைக் கிழிச்சுக்கிட்டேன். ஆறாம இழுத்தடிக்குது." மாமியாருக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள். "முட்டிவலிக்குன்னு தம்பி மாத்திரையை நானும் வாங்கிப் போட்டுட்டுதான் இருக்கேன். வலி நல்லாக் கேக்குது." சேலையை ஒதுக்கித் துணிக்கட்டை விலக்கினாள். "பாரு, ஒரு சொட்டு சீழ் இல்ல. நீதான் பாத்துப் பழகினவ, சொல்லு. பயப்பட ஒண்ணுமில்லேல்ல?"

மாமியார் அடுத்து வந்தவளிடம் கதையை முதலிலிருந்து தொடங்கியிருந்தாள்.

அவள் அந்தக் காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அத்தை, வண்டி கூப்பிடச் சொல்லுங்க. அண்ணிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"இப்பவா? பொணத்தைப் போட்டுட்டா? புண்ணு சுத்தமாத்தானே இருக்கு."

"அவரோடதும் இப்படித்தான் இருந்துச்சு. அதுதான் கெடுதலாம். டாக்டர் சொன்னாரு. சுத்தமா இருக்குன்னு போகவிடாம வச்சிருந்தது நான்தான்."

மாமியார் மகனின் காலைப் பார்த்தாள், மகளின் காலைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள்.

அவள் எழுந்தாள். யாரும் பிடிக்கவில்லை. வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளில் அண்ணியுடையதைத் தேடி எடுத்துவந்து, கீழே உட்கார்ந்து, புண்ணில் படாதபடி வாரைத் தளர்த்தி அந்தக் காலில் மாட்டிவிட்டாள்.