மூன்றாம் நிலையில் இல்லாத பெயர்

"அங்கிள், கரன்ட் வந்தா லிஃப்ட் தானா கீழ வந்துடுமா, இல்ல யாராவது போய்ச் சொல்லணுமா?"

இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோன லிஃப்டின் இருட்டுக்குள்ளிருந்து ஜோனத்தான் கேட்ட கேள்வி அது. அப்போது அவனுக்கு ஆறு வயது. மழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். வீட்டில் விட்டுவர ஆளில்லாததால், ஊழியர்கள் பிள்ளைகளை அழைத்து வரக்கூடாது என்ற விதி தெரிந்திருந்தும், ஹெப்சி மகனைத் தன்னோடு கூட்டி வந்திருந்தாள். தாம்பரத்திலிருந்து ராஜகீழ்ப்பாக்கம் போகும் வழியில் ஓர் அறக்கட்டளை நடத்தும் மருத்துவமனை. அங்கே கம்ப்யூட்டர்களையும் சர்வரையும் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அவள் வேறு பக்கம் திரும்பிய நேரத்தில் பையன் லிஃப்டில் ஏறிவிட்டான். ஏறியதும் மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டரும் அன்றைக்கென்று பார்த்து மக்கர் செய்தது.

எலக்ட்ரீஷியன் அந்தோணிசாமி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கதவிடுக்கில் வாயை வைத்துப் பதில் சொன்னார்.

"தானா வராது கண்ணு. மேல மோட்டார் ரூமுக்குப் போயி நான் சொன்னாத்தான் வரும். கரன்ட் வரட்டும், போய்ச் சொல்றேன். அதுவரைக்கும் நான் இங்கதான் கீறேன்."

சொன்னபடியே இருந்தார். ஞாயிறு பள்ளியில் கற்ற பாட்டை எல்லாம் பையனைப் பாடவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். மின்சாரம் வந்ததும் மொட்டை மாடிக்கு ஓடி லிஃப்டை இறக்கினார். நிர்வாக அதிகாரி தோத்தாத்ரி பிறகு வந்து உள்ளே யாராவது மாட்டியிருந்தார்களா என்று விசாரித்தபோது, "காலி லிஃப்டு சார்" என்றார். ஹெப்சியின் வேலை பிழைத்தது அந்த ஒரு பதிலில். அவள் நன்றி சொல்ல வாயெடுத்தபோது, ஏணியை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை.

சில வருஷங்கள் கழித்து, இந்த ஆடி மாதத்தில், அந்த மனிதரைத்தான் சஸ்பெண்ட் செய்தார்கள்.

நடந்தது இதுதான். சர்வர் அறையின் யு.பி.எஸ். பேட்டரி பழசாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாற்றிவிடச் சொன்னவர் தோத்தாத்ரியே. சர்வரை எப்படி அணைப்பது என்று ஹெப்சி அந்தோணிசாமிக்கு முன்பே காட்டியிருந்தாள்: பொத்தானை ஒருமுறை தொட்டுவிட்டு, பச்சை விளக்கு தானாக அணைகிறவரை காத்திருக்க வேண்டும், அதற்குள் மெயின் ஸ்விட்சில் கை வைக்கக்கூடாது. அவர் அப்படியே காத்திருந்தார், அணைத்தார், பேட்டரியை மாற்றினார், மறுபடி உயிர் கொடுத்தார். விளக்கு எரிந்தது. பூட்டிக்கொண்டு போனார்.

திங்கள் காலை, மருத்துவமனையில் மற்ற எல்லாம் ஓடின. டோக்கன் ஓடியது, பில் ஓடியது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் திரைகள் மட்டும் வெறுமையாக நின்றன. வெறும் வயிற்றோடு வந்த சர்க்கரை நோயாளிகள் வரிசையில் வாடினார்கள். மாடம்பாக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் தலைசுற்றி நாற்காலியோடு சாய்ந்தார். பரிசோதனைக் கூடத்துப் பெண் சுப்ரஜா அவருக்குத் தன் டிபன் டப்பாவிலிருந்த இட்லியை ஊட்டிவிட்டு, தாமதத்துக்காகச் சுற்றி நின்றவர்களிடம் வசவும் வாங்கிக்கொண்டாள். கடைசியில், பரிசோதனைக் கூடத்து மென்பொருளை விற்ற கம்பெனியின் இளைஞன் பத்ரி தொலைவிலிருந்தே சர்வருக்குள் நுழைந்து என்னவோ தட்டினான். திரைகள் உயிர்பெற்றன.

மறுநாள் அவன் கம்பெனியிடமிருந்து அறிக்கை வந்தது. பயிற்சியில்லாத நபர் மின்சாரத்தை முறையின்றித் துண்டித்ததால் கோளாறு என்று ஒரே வரி. அந்த ஒரு வரிக்கு அந்தோணிசாமியை வீட்டுக்கு அனுப்பினார்கள். விசாரணை முடிந்ததும் வேலையை விட்டே எடுத்துவிடுவார்கள் என்று பேச்சு. ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலமே இருந்த மனிதர். டெஸ்டரையும் ஸ்க்ரூடிரைவரையும் மேஜைமேல் வரிசையாக வைத்துவிட்டு இரும்புலியூருக்கு பஸ் ஏறிவிட்டாராம்.

ஹெப்சி அதை நம்பவில்லை. அன்றைக்கே சர்வரின் பதிவுகளைத் திறந்து பார்த்தாள். ஞாயிறன்று சர்வரில் ஓடிய ஒவ்வொரு நிரலும் ஒழுங்காக விடைபெற்று, கடைசியில் இயந்திரம் அடங்கியிருந்தது. முறையின்றித் துண்டித்திருந்தால் அந்த விடைபெறுதல் இருந்திருக்காது. அப்படியானால் மறுபடி எழுந்தபோது என்ன நடந்தது? அடுத்த சில நாட்கள் அதைத் தேடினாள்.

அந்தப் பழைய சர்வர் கண் விழிப்பது படிப்படியாக. எந்த அளவுக்கு விழிக்க வேண்டும் என்பதற்கு நிலைகள் உண்டு. ஒன்றாம் நிலையில் பழுது பார்க்கும் ஓர் ஆளுக்கு மட்டுமே கதவு திறக்கும். மூன்றாம் நிலையில் நெட்வொர்க் வந்துவிடும், எல்லாரும் எங்கிருந்தும் வேலை செய்யலாம். ஐந்தாம் நிலையில் அதோடு திரையில் படமும் மவுஸும் சேரும். ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனி ஃபோல்டர். அதற்குள், எழுப்ப வேண்டிய நிரல்களின் பெயர்கள் எழுப்ப வேண்டிய வரிசையில் இருக்கும். இயந்திரம் எந்த நிலைக்குப் போகிறதோ அந்த ஃபோல்டரை மட்டும்தான் பார்க்கும். அதில் பெயர் இல்லாதவரை எழுப்பாது.

பரிசோதனைக் கூடத்து நிரலின் பெயர் ஐந்தாம் நிலையில் இருந்தது. மூன்றில் இல்லை.

மாசி மாதம் சர்வர் மெதுவாக இருக்கிறது என்று புகார் போயிருந்தது ஹெப்சிக்கு நினைவு வந்தது. பாரத்தைக் குறைக்க, இனி மூன்றாம் நிலையில் எழுந்தால் போதும் என்று பத்ரி மாற்றியிருக்கிறான். மாற்றிவிட்டு, நிரலை அன்றைக்குக் கையால் ஓடவிட்டிருக்கிறான். மூன்றாம் ஃபோல்டரில் அதன் பெயரைச் சேர்க்க மறந்துவிட்டான். அதற்குப் பிறகு இயந்திரத்தை யாரும் அணைக்கவே இல்லை. அதனால் எதுவும் தெரியவில்லை. அதை முதன்முதலாக அணைத்தவர் யாராக இருந்தாலும் மாட்டியிருப்பார். மாட்டியவர் அந்தோணிசாமி.

அவள் பத்ரிக்குப் போன் செய்தாள். கண்டதை அப்படியே சொன்னாள். அறிக்கையை எழுதியது எங்கள் மேனேஜர், நான் கையெழுத்து மட்டும்தான் போட்டேன் என்றான்.

"கையெழுத்து உன்னுதுதானே பத்ரி?"

"ஆமாக்கா."

"அந்த அண்ணன் ஆறு நாளா வீட்ல உட்கார்ந்திருக்காரு. நீ ஏ.சி.யில உட்கார்ந்திருக்கே."

அவள் போனை வைத்துவிட்டாள். மேலே பேசினால் சொல்லக்கூடாத வார்த்தை ஏதாவது வாயில் வந்துவிடும் என்று பயமாக இருந்தது.

தோத்தாத்ரியிடம் அச்செடுத்த பதிவுகளோடு போனாள். அவர் கெட்டவரல்ல. ஏகாதசி உபவாசம் தவறாதவர், ஏழை நோயாளிக்குத் தள்ளுபடி கேட்டு அறங்காவலர்களிடம் வாதாடுகிறவர். ஆனால் அச்சிட்ட அறிக்கை ஒன்று கைக்கு வந்துவிட்டால் அவருக்கு அது தெய்வ வாக்கு. காகிதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதெல்லாம் எனக்குப் புரியாதும்மா, கம்பெனிக்காரன் பொய் சொல்வானா என்றார். அதோடு, ஒரு எலக்ட்ரீஷியனுக்காக நீ ஏன் இத்தனை மெனக்கெடுகிறாய் என்று கேட்டார்.

அந்த 'ஒரு' அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. எலக்ட்ரீஷியன் என்றால் பழி தாங்குவதற்கென்றே சம்பளத்துக்கு வைத்த ஆளா? அவருக்கு மேலே படித்தவன் காகிதத்தில் எழுதினால் உண்மை, அவர் வாயால் சொன்னால் சாக்கா? நெஞ்சுக்குள் ஒரு முறை ஆண்டவரைக் கூப்பிட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தியே சொன்னாள்.

"புரிய வேணாம் சார். கண்ணால பாருங்க. அது போதும்."

மதியம் புறநோயாளிகள் பிரிவு மூடியிருக்கும் இடைவேளையில், சுப்ரஜாவிடம் சொல்லிவைத்துவிட்டு, அவரைச் சர்வர் அறைக்குக் கூட்டி வந்தாள். ஓடுகிற சர்வரைக் கம்பெனியைக் கேட்காமல் மறுதொடக்கம் செய்வது அவர்களோடு போட்ட ஒப்பந்தத்துக்கு விரோதம். எழாமல் போனால் அவள் வேலையும் போகும். தெரிந்துதான் கட்டளையைத் தட்டினாள். இயந்திரம் முறையாக அடங்கியது. ஒருகணம் அறையில் ஏ.சி. சத்தம் மட்டும். பிறகு விசிறிகள் உறுமின, விளக்குகள் மின்னின. டோக்கன் வந்தது. பில் வந்தது. தோத்தாத்ரி பரிசோதனைக் கூடத்தின் எண்ணைத் தானே சுழற்றினார். திரை வரவில்லை என்று சுப்ரஜாவின் குரல் ஒலிபெருக்கியில் கேட்டது.

"சார், அந்தோணிசாமி அண்ணன் இப்போ இரும்புலியூர்ல இருக்காரு," என்றாள் ஹெப்சி. "ஸ்விட்ச் பக்கம் யாரும் போகல. நீங்களே நின்னு பார்த்தீங்க."

தோத்தாத்ரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார். ஹெப்சி அந்த நிரலைக் கையால் ஓடவிட்டாள்.

சாயங்காலம் பத்ரி தானாகவே பைக்கில் வந்து நின்றான். மூன்றாம் நிலையின் ஃபோல்டரில் விட்டுப்போன பெயரைச் சேர்த்தான். கோளாறு எங்களுடையது என்று கைப்பட எழுதிக் கொடுத்தான். மேனேஜர் என்ன செய்வாரோ என்று பயந்துகொண்டேதான் கையெழுத்துப் போட்டான். ஹெப்சிக்கு அவன்மேல் இருந்த கோபம் முழுவதும் போகவில்லை. ஆனாலும் கான்டீனிலிருந்து அவனுக்கு ஒரு டீ வாங்கி வந்து வைத்தாள்.

மறுநாள் ஹெப்சி அறிவிப்புப் பலகையைப் பார்த்தாள். நிர்வாகம் கருணையோடு அந்தோணிசாமியை மன்னித்துப் பணியில் சேர்த்துக்கொள்கிறது என்று ஒட்டியிருந்தார்கள். அந்தத் தாளை அவளே கிழித்து எடுத்துக்கொண்டு தோத்தாத்ரியின் அறைக்குப் போனாள்.

"மன்னிக்கணும்னா அவர் தப்பு பண்ணியிருக்கணும் சார். தப்பு நம்மளுது. மன்னிப்பு நாமதான் கேக்கணும்."

ஊழியர்கள் முன்னால் நிர்வாகம் தலைகுனிய முடியுமா என்றார் அவர். அவள் நகரவில்லை. கடைசியில் அவர் பேனாவைத் திறந்து, கருணை என்ற சொல்லையும் மன்னித்து என்ற சொல்லையும் அடித்தார். 'வருந்துகிறது' என்று எழுதினார். எழுதி முடித்ததும் அவர் முகத்தில் ஏதோ பாரம் இறங்கியது போலவும் இருந்தது.

அந்தோணிசாமி திரும்பி வந்தார். ஆனால் வந்தது பழைய அந்தோணிசாமி இல்லை. பலகையில் என்ன எழுதினால் என்ன, வார்டு ஆட்களின் வாயை யார் மூடுவது? "இன்னாண்ணா, இன்னிக்கு எத்த ஆஃப் பண்ணப் போற?" என்று போகிற வருகிறவர்கள் எல்லாம் சீண்டினார்கள். அவரும் சிரித்து வைத்தார். ஃபேன் ரெகுலேட்டர் மாற்றுவதற்குக்கூட இரண்டு பேரிடம் அனுமதி கேட்டார். சர்வர் அறைப் பக்கம் போவதே இல்லை. தன் கைதான் அன்றைக்கு எதையோ கெடுத்துவிட்டது, இந்தப் பெண் தனக்காகப் பேசித் தப்ப வைத்துவிட்டாள் என்று அவர் நம்பிக்கொண்டிருப்பது ஹெப்சிக்குப் புரிந்தது. பறித்துக்கொண்ட வேலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கையின் தைரியத்தை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

சர்வரை அணைத்து எழுப்ப, இந்த முறை எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டாள். அடுத்த ஞாயிறு, அவர் பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு வந்தார். அவள் ஆராதனை முடித்து பைபிள் பையோடு வந்தாள். புறநோயாளிகள் பிரிவு பூட்டிக்கிடந்தது. சர்வர் அறையில் அவர்கள் இருவர் மட்டும்.

"அணைங்கண்ணா," என்றாள்.

"நானா? வாணாம் மேடம். மறுபடி பேஜார் ஆய்டும்."

"அன்னிக்கு எப்படிப் பண்ணீங்களோ அப்படியே."

பொத்தானைத் தொட்டார். பச்சை விளக்கு அணைகிறவரை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அணைந்த பிறகும் கொஞ்சம் நின்றார். மெயின் ஸ்விட்சைக் கீழே தள்ளினார். அறை முழுவதும் அமைதியானது. மறுபடி மேலே தள்ளப் போனவரின் விரல்கள் ஸ்விட்சின் மேலேயே தயங்கி நின்றன.

"தானா வந்துடுமா மேடம்? இல்ல, பத்ரி தம்பி போன்ல எதுனா சொல்லணுமா?"

ஹெப்சி ஸ்டூலை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"தானா வரும்ணா. வர்ற வரைக்கும் நான் இங்கதான் இருக்கேன்."

அவர் அவளை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு ஸ்விட்சை மேலே தள்ளினார். விசிறிகள் உறுமின. ஒவ்வொரு விளக்காக விழித்தது. மேஜைமேலிருந்த திரையில் டோக்கன் வந்தது, பில் வந்தது. அடுத்த வரிக்காக அவர் காத்திருந்தார். பரிசோதனைக் கூடத்தின் பெயர் தானாக வந்து வரிசையில் நின்றது.

அந்தோணிசாமி கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். பேட்டரியின் ஒயர் ஒன்று தளர்வாக இருக்கிறது என்றார். யாரையும் கேட்காமல் குனிந்து, ஸ்க்ரூடிரைவரை எடுத்து முறுக்கத் தொடங்கினார்.