வெள்ளிக்கிழமைப் புளி

பித்தளையைக் கண்டால் நமசிவாயத்துக்குக் கை சும்மா இராது. வெள்ளிக்கிழமை விடிந்தால் வீட்டில் குத்துவிளக்கும் செம்பும் புளி போட்டு விளக்கப்படும். மிஞ்சிய புளியை எடுத்துக்கொண்டு, தான் ஓட்டும் காரை விளக்கப் போய்விடுவான்.

கார் ஆழ்வாப்பிள்ளையருடையது. மலாயாவில் ரெயில்வே உத்தியோகம் பார்த்துப் பென்சனோடு சண்டிலிப்பாய்க்குத் திரும்பியவர், காருக்குப் பின்னால் இழுத்துச் செல்ல ஒரு சின்ன வீட்டையே சில்லுப் பூட்டிச் செய்வித்திருந்தார். உள்ளே கட்டில், அடுப்பு, சன்னல் எல்லாம் உண்டு. ஊர் அதற்கு வீட்டு வண்டில் என்று பேர் வைத்தது. வண்டிலின் பின் லாம்பு எரியக் காரிலிருந்துதான் மின்சாரம் போகவேண்டும். அதற்குக் காரின் பின்னால் ஒரு பித்தளைச் சொக்கெற். வண்டிலிலிருந்து வரும் வயரின் நுனியில் ஒரு பிளக்.

பூட்டிக் கொடுத்த மெக்கானிக் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்.

"கடற்காத்துப் பட்டால் களிம்பு பிடிக்கும் அண்ணை. உலர்ந்த துணியாலை துடைச்சு, துளி கிறீஸ் பூசுங்கோ. ஈரம் மட்டும் காட்டாதையுங்கோ."

கிறீஸ் பூசிய பித்தளை நமசிவாயத்தின் கண்ணுக்கு எச்சில் கோப்பையாகத் தெரிந்தது. கெடுகுடி சொற்கேளாது. அவன் புளியையே நம்பினான்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஆழ்வாப்பிள்ளையரும் அவனும் வீட்டு வண்டிலோடு போய்க் கீரிமலையில் நீராடிவிட்டுத் திரும்புகிறார்கள். விளக்கு வைக்கிற நேரம் கடந்து இருட்டிவிட்டது. சண்டிலிப்பாய்க்குச் சற்று முன்னால், வாழைப்பழம் வாங்க வேண்டுமென்று ஐயா நிறுத்தச் சொன்னார். பின் லாம்பு எரிகிறதா என்று நமசிவாயம் இறங்கிப் பார்க்கவில்லை. காலையில்தான் மினுக்கிய பிளக். எரியாமல் எங்கே போகும்?

மடாரென்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், வண்டிலின் பின்னால் ஒரு சைக்கிளும் மீன்பெட்டியும் மனிதனும் ஒன்றாய்க் கிடந்தார்கள். குருநகர்க் கிறகோரி, மீன் விற்றுவிட்டு வீடு திரும்புகிறவன். கால் முறிந்திருந்தது. லாம்பு தூள்தூளாய்ப் போயிருந்தது.

"வெறியிலை வந்து இடிச்சுப்போட்டான்," என்றார்கள் கூடியவர்கள். ஒரு காலத்தில் கிறகோரி குடித்தவன்தான். ஊர் வாய்க்கு அது போதும்.

மறுநாள் நமசிவாயம் பிளக்கைக் கழற்றினான். வெளியே பொன்னாய் மின்னியது. உள்ளே புளித்தண்ணீர் காய்ந்து, முள் ஒவ்வொன்றிலும் பச்சைக் களிம்பு. லாம்பு எரிந்திருக்கவே முடியாது.

ஆழ்வாப்பிள்ளையர் அதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பொலிசு கேட்டால் எரிஞ்சது எண்டு சொல்லு. உடைஞ்ச லாம்பைப் பாத்து ஆர் என்னத்தைச் சொல்லப்போறான்?"

"ஓம் ஐயா," என்றான் நமசிவாயம். அப்படிச் சொன்னதற்காகப் பிறகு ஆயுசு முழுக்க வெட்கப்பட்டான்.

மூன்றாம் நாள் மனம் கேளாமல், பிளக்கை மடியில் செருகிக்கொண்டு மானிப்பாய் ஆசுப்பத்திரிக்குப் போனான். விறாந்தையில் கிறகோரியின் மனைவி மக்டலீன் சுவரோடு சாய்ந்திருந்தாள். உள்ளே போகவில்லையா என்று கேட்டான்.

"அந்தோனியாருக்கு முன்னாலை இனித் தொடமாட்டன் எண்டு நேர்த்தி வைச்ச மனிசன். அந்த நேர்த்தியையும் சேத்துக் குடிச்சுப்போட்டார். சோறு குடுத்தனுப்புறன். முகத்திலை முழிக்கமாட்டன்."

நமசிவாயம் மடியைத் தொட்டுப் பார்த்தான். இந்த வேலை போனால் வேறு வேலை இல்லை, லைசென்சும் போகலாம். பிளக்கை எடுத்து அவள் முன்னால் நீட்டினான்.

"பிள்ளை, உன்ரை மனிசன் குடிக்கேல்லை. எங்கடை லாம்பு எரியேல்லை, இருட்டிலை வண்டில் தெரிஞ்சிராது. நான் புளி போட்டு விளக்கினதாலை வந்த வினை. இதைப் பொலிசிலையும் சொல்லப்போறன்."

மக்டலீன் பச்சை ஏறிய முள்ளுகளையே பார்த்தாள். திட்டுவாள் என்று அவன் நின்றான். அவள் எழுந்து உள்ளே போனாள்.

கிறகோரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

"இஞ்சருங்கோ," என்றாள். கட்டிலடியில் முழந்தாளிட்டு அவன் கையைப் பிடித்தாள். "நீங்கள் குடிக்கேல்லை."

"அதைத்தானே மூண்டு நாளாய்ச் சொல்லுறன்," என்றான் கிறகோரி, சுவரைப் பார்த்தபடியே.

அந்த மூன்று நாளை எந்தப் பொலிசிலும் திருப்பிக் கொடுக்க முடியாது என்று வாசலில் நின்ற நமசிவாயத்துக்குத் தெரிந்தது. பிளக்கை மடியில் செருகிக்கொண்டு பொலிசுக்கு நடந்தான்.