பின்னறைக்கு வாடகை

மாற்றுத்திறனாளி உதவித்தொகை அலுவலகத்தில் அந்தப் பெண் அதிகாரி கேட்டது சாதாரணக் கேள்விதான்.

"வாடகை எவ்வளவு குடுக்கறீங்க?"

"அண்ணன் வீடு மேடம். பின்னறை. வாடகை ஏது?" தம்பி கொஞ்சம் பெருமையாகவே சொன்னான்.

அவர் கணினியில் தட்டிவிட்டு நிமிர்ந்தார். "அப்ப அதுவும் வருமானம்தான். இலவசமா தங்கறது கணக்குல சேரும். கடைச் சம்பளம் வேற இருக்கு. உதவித்தொகையில மூணுல ஒரு பங்கு குறையும்."

ஒரு கால் இல்லாதவன்; கக்கத்துக் கட்டை ஊன்றி நடப்பவன். டயர் கடையில் அரைநாள் போன் எடுக்கிறான். கடைக்குப் போய்வரும் வண்டிக்கு உதவித்தொகையிலிருந்துதான் கூலி. தொகை குறைந்தால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் வேலை போகும்.

"அண்ணன் பாசத்துக்கும் பிடித்தமா?"

"பாசத்துக்கு இல்லீங்க. அறைக்கு. நியாயமான வாடகை குடுத்தா பிடிக்க மாட்டோம்."

அன்று மாலை வீட்டில், பஸ் டிரைவரான அண்ணன் யூனிபாரத்தைக் கழற்றாமலேயே கத்தினார். "கூடப் பொறந்தவன்கிட்ட வாடகை வாங்குறதா? நாலு பேரு காறித் துப்பமாட்டாங்க?"

"துப்பறவங்க வண்டிக்கூலி குடுப்பாங்களா?" என்றாள் அண்ணி. ஒரு வாடகையும் சொன்னாள். குறையவிருந்த தொகையில் பாதிகூட வராது; அந்த அறைக்கு அது நியாயமும்தான்.

"ரசீது போட்டுத் தர்றேன். பணத்தை நீயே வச்சுக்க" என்றார் அண்ணன்.

"அது பொய்யாயிடும்ணா. தெரிஞ்சா குடுத்ததையெல்லாம் திருப்பிக் கேப்பாங்க. வாங்கிக்க."

கம்பளிப்பூச்சியைத் தொடுவதுபோல வாங்கிக்கொண்டார். அலுவலகம் ஏற்றுக்கொண்டது. தொகை குறையவில்லை; வீட்டில் பேச்சுதான் குறைந்தது. அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார்.

"என்ன குடித்தனக்காரரே, தண்ணியெல்லாம் ஒழுங்கா வருதா?" என்று ஒருநாள் குத்தினார்.

"வருது. ஆனா அறை வாசப்படி ரொம்ப உயரம். சரிவா கட்டித் தரணும்."

"இப்பதான் உயரமா தெரியுதோ?"

"வந்த நாள்லேருந்தே தெரியும். மழையில ரெண்டு தடவ விழுந்திருக்கேன்."

அண்ணனுக்குச் சுருக்கென்றது. "ஏன்டா சொல்லல?"

"தானமா வந்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கலாமா?"

அண்ணன் விடுமுறையன்று மணலும் சிமெண்டும் வாங்கி வந்து, கொத்தனாரைக் கூப்பிடாமல் தானே குழைத்தார். சரிவு கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. அண்ணி அதைச் சொல்லவும் செய்தாள்.

மறுநாள் காலை வண்டிக்காரர் தெருவில் நின்று ஹாரன் அடித்தார். அண்ணன் குனிந்து சிமெண்டை விரலால் அழுத்தினார். விரல் பதிந்தது.

"இன்னிக்கு இதுமேல கட்டையை ஊனக் கூடாது. வீட்டுக்காரன் சொல்றேன்" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு, வண்டிக்காரரைத் திருப்பி அனுப்பப் போனார்.

தம்பி கட்டிலில் உட்கார்ந்தபடியே கடைக்கு லீவு சொன்னான். பிறகு உதவித்தொகை அலுவலகத்தைக் கூப்பிட்டு, இந்த மாத வருமானத்தில் அரைநாள் சம்பளம் குறையும் என்று தெரிவித்தான்.