விலைப் பட்டனை இடம் மாற்றியவர்

அம்மா என் தலையில் கனகாம்பரத்தை வைத்துக்கொண்டே மறுபடியும் ஆரம்பித்தாள்.

"தோ பாரு கலை. அவுங்க கேட்டா பதில் சொல்லு. இல்லன்னா சும்மா இரு. கம்பெனி பேச்சு மட்டும் எடுத்த, நா மன்சியா இருக்க மாட்டேன்."

"எடுக்கலம்மா."

"போன வாட்டியும் இதேதான் சொன்ன."

அம்மா பயந்ததில் தப்பில்லை. இதற்கு முன் வந்த இரண்டு வரன்களும் என் வாயால்தான் போயின. முதல் ஆள் டிக்கெட் விற்கும் கம்பெனி. "கன்வீனியன்ஸ் ஃபீஸ்னு ஒண்ணு புடிக்கிறீங்களே, அது யாரோட வசதிக்கு?" என்று கேட்டேன். காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துகொண்டார். இரண்டாவது ஆளின் கம்பெனி, நாம் எல்லோரும் ஒரே குடும்பம் என்று திங்கட்கிழமை மெயில் போட்டுவிட்டு வெள்ளிக்கிழமை பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியிருந்தது. அதை அவர் நல்ல பிசினஸ் முடிவு என்றார். "அப்ப குடும்பம்னா அப்படித்தானா? நாளைக்கு எனக்கும் மெயில்தான் வருமா?" என்றேன். அதற்கப்புறம் தரகர் சுப்புராயன் எங்கள் தெருப் பக்கம் வரவே யோசித்தார்.

என்னைக் குறை சொல்லாதீர்கள். நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். கச்சிராயபாளையத்தில் எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து, அடுத்தவர்கள் எழுதியதில் ஓட்டை தேடுவதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. ஓட்டையைக் கண்டுபிடித்த பிறகு வாயை மூடு என்றால் எப்படி மூடுவது? நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை அப்படியே விட்டுவைத்தால் இந்தக் கம்பெனிக்காரர்களுக்குக் கை அரிக்கும். பேரை மாற்றுவார்கள், கலரை மாற்றுவார்கள். சிலிண்டர் பதிவு பண்ணப் போனால், உங்களோடு பேசட்டுமா என்று ஒரு பொம்மையைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். யார் கேட்டார்கள் பொம்மையை? எனக்குச் சிலிண்டர் வேண்டும், அவ்வளவுதான்.

அதிலும் விலைக்கிளி என்ற ஆப் மேல் எனக்கிருந்த கோபம் தனிக் கோபம்.

அப்பா குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி வைத்திருக்கிறார். கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளியும் புளியும் ஏற்றிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு வருவார். மேலே சரக்குப் பேசுவதற்கு முன் கீழே அன்றைக்கு என்ன விலை என்று தெரிந்தாக வேண்டும். அதற்குத்தான் விலைக்கிளி. திறந்ததும் உச்சியில் பச்சையாக ஒரு பட்டன். ஒரு தட்டுத் தட்டினால் விலை வந்து விழும். அப்பா அதைக் கண்ணை மூடிக்கொண்டே தட்டுவார். பொங்கலுக்கு முன்னால் ஒரு அப்டேட் வந்தது. பட்டன் இருந்த இடத்தில் வீடியோ ஓட ஆரம்பித்தது. பட்டன் எங்கோ அடியில் போய் ஒளிந்துகொண்டது. மலை ரோட்டில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். வீடியோ சுற்றிச் சுற்றி முடிவதற்குள் வண்டி அடுத்த வளைவில் இருக்கும், சிக்னல் இருக்காது. அப்பா விலை தெரியாமல் பேசி இரண்டு மூன்று லோடு கையைக் கடித்தது.

விடுவேனா? ஒரு ஸ்டார் கொடுத்தேன். கூடவே எழுதினேன்: "விலைப் பட்டனைத் தூக்கிவிட்டு வீடியோவை வைத்த மகராசன் யாரோ, அவர் ஒருநாள் என் எதிரில் வரணும். அன்னிக்கி இருக்கு அவருக்கு."

பதில் வந்தது. "மதிப்பிற்குரிய பயனரே, உங்கள் கருத்துக்கு நன்றி. உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்." எல்லோருக்கும் போடும் அதே வரி. எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது மாதிரி ஆயிற்று.

இந்த நிலைமையில்தான் திருக்கோவிலூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளை தமிழ்வேந்தன், அவருடைய அம்மா சாலம்மாள், ஒரு மாமா, கூட்டிக்கொண்டு வந்த தரகர் சுப்புராயன். ஜாதகத்தோடு வந்த காகிதத்தில் சென்னையில் ஏதோ சொல்யூஷன்ஸ் பிரைவேட் லிமிடெட் என்று கம்பெனிப் பேர் இருந்தது. அந்தப் பேரை வைத்துக்கொண்டு அங்கே சாஃப்ட்வேர் செய்கிறார்களா சோப்பு செய்கிறார்களா என்று யாராலும் சொல்ல முடியாது.

அவர் கேசரியில் முந்திரியை எல்லாம் ஒரு ஓரமாக ஒதுக்கினார். பிடிக்காது போல என்று நினைத்தேன். கடைசியில் அத்தனையையும் ஒன்றாக அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். நானும் அப்படித்தான் தின்பேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவர் பார்த்துவிட்டார்.

பெரியவர்கள் எங்களைப் பேசிவிட்டு வரச் சொல்லி மாடிக்கு அனுப்பினார்கள். அம்மா படிக்கட்டு வரை வந்து, வாயில் விரலை வைத்துக் காட்டிவிட்டுப் போனாள்.

"இங்க உக்காந்துதான் வேலை பாக்குறீங்களா?" என்று ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார். "குடுத்து வெச்சவங்க. எங்க ஆபீஸ் ஜன்னல்ல பக்கத்து ஆபீஸ் ஏசிதான் தெரியும்."

எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், இந்த இடம் அமைந்துவிட வேண்டும் என்று முதல் முறையாக நானே வேண்டிக்கொண்டேன். அதனால் வாயை அடக்கிக்கொண்டு, ஒரு வம்புமில்லாத கேள்வியாகப் பார்த்துக் கேட்டேன்.

"நீங்க இன்னா வேலை பண்றீங்க?"

"சின்ன ஆப்தாங்க. விவசாயிங்களுக்கு. விலைக்கிளின்னு."

கடவுளே! நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பேசாதே கலை, பேசாதே.

"அதுல... அந்த விலைப் பட்டன்..."

"அட, அதைக் கேக்காதீங்க. நான்தான் இடம் மாத்துனேன். அதுக்குக் கலையரசி அம்மாசின்னு ஒரு பொம்பள ஒத்த ஸ்டார் குடுத்து..." சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றார். என்னைப் பார்த்தார். கீழே அப்பா உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தார். "உங்கப்பா பேரு..."

"அம்மாசி."

அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "எதிர்ல வந்துட்டேங்க" என்றார்.

அவ்வளவுதான். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு, கனகாம்பரம், பட்டுப் புடவை எல்லாம் மறந்துபோயிற்று. "விலை பாக்க வந்தவன் கிட்ட எதுக்குங்க வீடியோ? மளிகைக் கடைக்காரர் உப்பு கேட்டா டான்ஸ் ஆடிட்டா தர்றார்?" என்று ஆரம்பித்தேன். மற்றவர்களாக இருந்தால் அசட்டுச் சிரிப்பு சிரித்துவிட்டு, தரகரிடம் வேண்டாம் என்று சொல்லி அனுப்புவார்கள். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"சர்வருக்கு யாருங்க காசு கட்டுவா? விவசாயி கிட்ட ஒத்த ரூபா வாங்கறதில்ல. வீடியோல வர்ற விளம்பரம்தான் வருமானம். அதை வெக்கலன்னா ஆப்பையே மூடியிருப்பாங்க. நீங்க ஒரு ஸ்டார் குடுக்கக்கூட ஒண்ணும் இருந்திருக்காது."

நியாயமான பதில். எதிராளி நியாயமாகப் பேசினால் எனக்கு இன்னும் கோபம் வரும். "வெச்சுக்கோங்க, வேணாங்கல. கீழ வெச்சிருக்கலாமே? மலையில திறக்கவே மாட்டேங்குது."

"அதெப்படி? நாங்க டெஸ்ட் பண்ணோம். எங்க சிஸ்டத்துல நல்லா வேலை செய்யுதே."

இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் டெஸ்டரிடம் சொல்லக் கூடாது. "ஆபீஸ் வைஃபைல டெஸ்ட் பண்ணீங்களா? கிளம்புங்க, மலைக்குப் போலாம். கண்ணால பாருங்க" என்று கத்தினேன். எங்கள் தொழிலில் தப்பு இருக்கிறது என்று வாயால் சொன்னால் செல்லாது. நடத்திக் காட்ட வேண்டும்.

சத்தம் கேட்டுக் கீழே எல்லோரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். அம்மா முகம் வெளுத்துப் போயிருந்தது. "ஊருக்கெல்லாம் பலன் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில வுழுந்துச்சாம். என் பொண்ணு சரியா அதான்" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அம்மா, ஒண்ணுமில்ல, மலை வரைக்கும் போய்ட்டு வரோம்" என்று தமிழ்வேந்தன் செருப்பை மாட்டினார்.

"பொண்ணு பாக்க வந்த எடத்துல இன்னாடா இது?" என்றார் மாமா.

சாலம்மாள் மட்டும் பதறவில்லை. "வுடுங்கண்ணே. எங்க வூட்லயும் இவனோட இதே ரோதனதான். அந்தக் கம்பெனி தப்பு, இந்தக் கம்பெனி தப்புன்னு சோறு துன்னவுடாம பேசுவான். நாமளும் காருல பின்னாடியே போவோம், வாங்க" என்று முந்தானையை இடுப்பில் செருகினார்.

குட்டியானையில் அப்பா ஓட்டினார். பட்டுப் புடவையோடு நான் ஜன்னலோரம். நடுவில் மாப்பிள்ளை, கியருக்கு இடம் விட்டுக் காலை மடக்கிக்கொண்டு. பின்னால் வாடகைக் காரில் அம்மா, சாலம்மாள், மாமா, முன் சீட்டில் சுப்புராயன். வெள்ளிமலை ரோட்டில் எதிரே வந்த பஸ் டிரைவர், அப்பாவைத் தெரிந்தவர், எங்களைப் பார்த்துவிட்டு ஹாரன் அடித்துக்கொண்டே போனார்.

இரண்டாவது கொண்டை ஊசி வளைவு தாண்டி அப்பா வண்டியை ஓரங்கட்டினார். "தம்பி, நா டெய்லி இங்கதான் நிறுத்திப் பாப்பேன். நீயே தொற."

தமிழ்வேந்தன் தன் போனிலேயே திறந்தார். வீடியோவில் ஒரு ஆட்டுக்குட்டி வந்தது. கால் தூக்கியபடி நின்றது. நடுவில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் கையை மேலே தூக்கிப் பார்த்தார். இறங்கிப் போய்ப் பாறை மேல் ஏறிப் பார்த்தார். ஆட்டுக்குட்டி காலைக் கீழே வைக்கவில்லை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. காரிலிருந்து இறங்கிய சாலம்மாள், "ஏண்டா, அந்த ஆட்டுக்குட்டி எப்பதான்டா நடக்கும்?" என்று கேட்டதும் மாமாகூடச் சிரித்துவிட்டார்.

"ஆனா ஒண்ணு தம்பி" என்றார் அப்பா. "வெல வராதது தப்புதான். வூட்ல இருக்கறப்ப அந்த ஆட்டுக்குட்டி வீடியோ ஜோராக்குது. அத்த எடுத்துடாத."

நான் அப்பாவை முறைத்தேன். யாருக்காகச் சண்டை போட்டேனோ அவரே எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போட்டால் என்ன செய்வது? தமிழ்வேந்தன் வெற்றிச் சிரிப்பு சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் பாறையிலிருந்து இறங்கி வந்து, போனில் அந்தக் கோளாறைப் பதிவு செய்யத் தொடங்கியிருந்தார்.

"எவ்ளோ சீரியஸ்னு போடணும். இன்னா போடட்டும்?"

"ஹைன்னு போடுங்க" என்றேன்.

அவர் அப்பாவைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "இல்லங்க. இது கிரிட்டிக்கல்" என்று போட்டார்.

டெஸ்டர் கேட்டதைவிட ஒரு படி மேலே போட்ட டெவலப்பரை நான் இந்தத் தொழிலுக்கு வந்ததிலிருந்து பார்த்ததில்லை. நான் காலியானது அந்த இடத்தில்தான்.

கீழே வந்து காபி குடித்தார்கள். கிளம்பும்போது சாலம்மாள், "போயி கலந்து பேசிட்டு சொல்லி அனுப்புறோங்க" என்றார். இதற்கு முன் வந்த இரண்டு வீட்டாரும் இதையேதான் சொன்னார்கள். அம்மா கதவைச் சாத்திவிட்டு அழுதாள். இந்த முறை எனக்கும் அழுகை வந்தது. வாயை ஒரு மணி நேரம் அடக்க முடியாதவள் எதற்கு ஆசைப்படணும் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

நாள்கள் போயின. சுப்புராயன் போன் வரவில்லை. அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டு, என் காதில் விழும்படி மிக்ஸியோடு பேசினாள். நான் யாரோ எழுதியதில் ஓட்டை தேடிக்கொண்டு, அடிக்கடி போனைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

ஒருநாள் காலையில் அப்பா மலையிலிருந்து கூப்பிட்டார். சிக்னல் விட்டுவிட்டு வந்தது. "பாப்பா! வெல வந்துடுச்சு! பட்டன் பழையபடி மேல வந்துகுது! ஆட்டுக்குட்டி கீழ போயிடுச்சு!"

ஆப் பக்கத்தைத் திறந்தேன். என் ஒற்றை ஸ்டாருக்குக் கீழே, ஊர் உலகம் பார்க்கும்படி, புதிதாக ஒரு பதில் இருந்தது.

"மதிப்பிற்குரிய பயனரே, உங்கள் கருத்துக்கு நன்றி. விலைப் பட்டன் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. உங்கள் அப்பா சொன்னபடி ஆட்டுக்குட்டியை எடுக்கவில்லை. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அன்றைக்கே சம்மதம். கோளாறைச் சரிசெய்யாமல் பதில் சொன்னால் நீங்கள் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள் என்பதால் தாமதமாகிவிட்டது. உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்."

"அம்மா!" என்று நான் போட்ட கூச்சலில் அம்மா கரண்டியோடு மாடிக்கு ஓடிவந்தாள். எழுத்துக் கூட்டி வாசித்தாள். முடித்துவிட்டு இன்னொரு தடவை வாசித்தாள். பிறகு கரண்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், குலசாமியைக் கூப்பிட்டாள்.

நான் என் பழைய விமர்சனத்தை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். "அந்த மகராசன் எதிரில் வந்தார். எங்கள் வீட்டிலும் சம்மதம்." ஸ்டாரைத் தொட்டு ஒன்றை நாலாக்கினேன்.

எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். "அடிப்பாவி, அந்தப் புள்ளைக்கு அஞ்சையும் குடுத்தா இன்னாடி கொறஞ்சிடுவ?"

"அஞ்சையும் இப்பவே குடுத்துட்டா அப்புறம் ஒண்ணையும் சரி பண்ண மாட்டாரும்மா" என்று சொல்லிவிட்டு, பதிவிடும் பட்டனை அழுத்தினேன்.