சாதாரண சளி

நீராவி இஸ்திரியிலிருந்து கிளம்பிய ஆவியில் அவளுடைய முகக்கவசம் வேலை தொடங்கிய சற்று நேரத்திலேயே நனைந்து மூக்கோடு ஒட்டிக்கொண்டது. ஓட்டல் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் அந்தச் சலவைக்கூடத்தில் ஜன்னல்களைத் திறப்பதில்லை. தூசி வந்தால் வெள்ளை கெட்டுவிடுமாம். அந்த வாரம் கூடம் முழுக்க இருமல். துவைக்கிறவர் தண்ணீர் வடியும் சாக்கடையிலேயே காறித் துப்பினார். குடிதண்ணீர்க் குழாயடியில் ஒரே டம்ளரில்தான் எல்லாரும் வாய்வைத்துக் குடித்தார்கள். லீவு போட்டால் கூலி இல்லை. காய்ச்சலோடும் வந்து நின்றார்கள். அவர்களை நொந்துகொள்ள அவளால் முடியவில்லை. அருவருப்பு மட்டும் போகவில்லை.

அண்ணனுடைய சிறுநீரகத்தை அவளுக்குப் பொருத்தி ஒரு வருஷம் தாண்டியிருந்தது. உடம்பு அதை அந்நியமென்று விரட்டிவிடாதபடி, எதிர்ப்புச் சக்தியை அடக்கிவைக்கும் மாத்திரைகளைத் தினமும் விழுங்க வேண்டும். "மத்தவங்களுக்கு வெறும் தும்மல், உங்களுக்கு அது நிமோனியாவுல கொண்டுபோய் விடும். இருமுறவங்க பக்கத்துல நிக்காதீங்க" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

சூப்பர்வைசருக்குக் கூடத்தில் ஊதுகுழல் என்று பட்டப்பெயர். மூக்கைச் சிந்தினால் கடைசி மேசைவரை கேட்கும். அன்று அவருக்கும் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. சற்றுத் தள்ளி நின்றே கேட்டாள்.

"சார், எனக்கு ஆபரேஷன் ஆனது உங்களுக்குத் தெரியும்ல. இந்த வாரம் மட்டும் பின்வாசல்ல உக்காந்து மடிக்கிறேன். அங்க காத்து வருது."

இயந்திர இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. கிட்டே வந்து முகத்தோடு முகமாகக் குனிந்தார். அவள் மறுபடி சொன்னாள்.

"சளிக்குப் பயந்தா பொழப்பு நடக்குமா? உனக்கு இடம் மாத்தினா நாளைக்கு ஆளாளுக்கு வந்து நிப்பாங்க. போம்மா, லோடு நிக்குது."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு இருமல் வந்தது. வாயைப் பொத்திக்கொள்ளவில்லை. வெதுவெதுப்பான துளிகள் அவள் கண்ணோரத்தில் தெறித்தன. குழாயடிக்கு ஓடி முகம் எரியும்வரை தேய்த்துக் கழுவினாள். பிறகு திரும்பி வந்து அடுத்த விரிப்பை எடுத்தாள்.

வாரம் முடிவதற்குள் காய்ச்சல். மூச்சு விட முடியாமல் சுவரைப் பிடித்தவளை அண்ணன்தான் அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். பாரம் தூக்கிப் பிழைத்தவன். அவளுக்குச் சிறுநீரகம் கொடுத்த பிறகு வாசல் காவலுக்குப் போனவன். பல நாள் ஆக்சிஜன் வைத்தார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதுபோல்தான் ஆயிற்று.

"காய்ச்சலை எதிர்க்க உடம்புக்குத் தெம்பு வேணுமேன்னு அந்த மாத்திரையைக் குறைச்சோம்" என்றார் டாக்டர். "நெஞ்சு தேறிடுச்சு. ஆனா அந்தத் தெம்பே கிட்னியைத் தாக்கிடுச்சு. இனிமே டயாலிசிஸ்தான்."

அண்ணன் உள்ளே வந்து தலையணையைச் சரிசெய்தான்.

"நீ குடுத்ததைப் பத்திரமா வச்சுக்கலியேண்ணா."

"லூசு மாதிரி பேசாத. நீயா தொலைச்ச?"

வாயில் சேலை முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதாள்.

அடுத்த வாரம் சூப்பர்வைசர் ஒரு பை ஆப்பிளோடு வந்தார். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார்.

"எனக்கும் அதே சளிதாம்மா. ரெண்டு மாத்திரை, ஒரு நல்ல தூக்கம், ஓடியே போச்சு. நீதான் மனசைத் தளர விட்டுட்ட." கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "உன் இடத்துல வேற ஆள் போட்டாச்சு. முதலாளி உத்தரவு. நான் என்ன பண்ண?"

எழுந்தவர், பக்கத்தில் நின்ற அண்ணனின் தோளில் தட்டினார்.

"பெரிய மனசுப்பா உனக்கு. கவலைப்படாத, இன்னும் ஒண்ணு இருக்குல்ல?"

தன் வேடிக்கைக்குத் தானே சிரித்தார். சிரிப்பிலேயே தும்மல் வந்தது. இந்தத் தடவை கையால் பொத்திக்கொண்டார். ஈரக் கையை அவள் கால்மாட்டு விரிப்பில் முன்னும் பின்னுமாகத் துடைத்துவிட்டுக் கிளம்பினார்.

அவள் கால்களை மடக்கிக்கொண்டாள்.