சுருங்காத மூன்று விரல்கள்

அழகு நிலையத்துக்கு வருகிறவர்கள் அவளை நூல்காரி என்றுதான் சொல்வார்கள். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு புருவம் திருத்த ஆரம்பித்தாளென்றால், நாற்காலியில் இருப்பவள் மாமியார் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் வேலை முடிந்திருக்கும். அவளிடம் வேலை பார்க்கும் நாத்தனாரும் நூல் பிடித்துப் பார்த்தாள். முடியோடு தோலும் சேர்ந்து வந்ததுதான் மிச்சம்.

அந்தக் கைக்குத்தான் யார் கண் பட்டதோ. சுவரிலிருந்து கழன்று விழுந்த கண்ணாடியைத் தாங்கிப் பிடிக்கப் போனாள். உடைந்த விளிம்பு வலது மணிக்கட்டில் இறங்கி நரம்பை அறுத்துவிட்டது. நரம்பைச் சேர்த்துத் தைத்தார்கள், காயமும் ஆறியது. ஆனால் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போயின. விரலிடுக்கில் நூல் இருக்கிறதா, நழுவிவிட்டதா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"அறுந்த இடத்திலேர்ந்து நரம்பு வளர்ந்து விரல் நுனிக்கு வரணும்மா. ஆமை வேகந்தான்," என்றார் டாக்டர். "வெதுவெதுப்பான தண்ணில கைய ஊறவிட்டுப் பாருங்க. நரம்பு வேலை செஞ்சாத்தான் விரல் நுனி சுருங்கும். சுருங்க ஆரம்பிச்சா நல்ல சேதி."

இத்தனை காலம் அடுத்தவர் முகச் சுருக்கத்தைப் போக்கியே பிழைத்தவள் அவள். இப்போது தன் விரலில் ஒரு சுருக்கம் விழாதா என்று ஏங்க வேண்டியதாகிவிட்டது. இதற்குச் சிரிப்பதா அழுவதா?

நாத்தனார் தினமும் தொட்டியில் வெந்நீர் ஊற்றி, சூடு பார்த்துவிட்டுத்தான் அண்ணியின் கையை உள்ளே விடுவாள். மரத்த விரல் வெந்தாலும் தெரியாதே. கையை எடுத்தால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் உலர்ந்த திராட்சையாகச் சுருங்கியிருக்கும். மற்ற மூன்றும் வழவழவென்று இருக்கும். "என்ன கிரீம் போடறீங்க, விரல் இப்படி மின்னுது?" என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டபோது, நூல்காரி பின்னறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள்.

மாதங்கள் போயின. பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், பார்ப்பதையே விட்டுவிட்டாள். பக்கத்துத் தெருவில் பார்லர் வைத்திருக்கும் அம்மாளுக்கே கடையைக் கொடுத்துவிடுவது என்று பேசி முடித்தாயிற்று. இன்று சாவியை வாங்க வருகிறார்.

கொடுக்கிற கடையைச் சுத்தமாகவாவது கொடுப்போம் என்று சீப்புகளையும் பிரஷ்களையும் வெந்நீரில் போட்டு உட்கார்ந்து கழுவினாள். வேலை இழுத்துக்கொண்டே போனது. ஒருவழியாக முடித்துக் கையைத் துடைத்து, பழக்கதோஷத்தில் கிரீம் டப்பாவைத் திறந்தாள்.

நாத்தனார் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி, எங்கயாவது வெட்டிக்கிட்டேனா?"

"இல்ல அண்ணி. கட்டைவிரலப் பாருங்க."

கட்டைவிரல் நுனியில் மெல்லிசாக நாலைந்து கோடுகள் ஓடின. நூல்காரி விரலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள், துடைத்துவிட்டுப் பார்த்தாள். கோடுகள் போகவில்லை.

"அழுத்தறேன், தெரியுதா?"

"தெரியல," என்றாள். ஆனாலும் சந்தோஷம் தாங்காமல் கிரீம் டப்பாவை மூடித் தள்ளி வைத்தாள்.

அப்போதுதான் பக்கத்துத் தெரு அம்மாள் உள்ளே வந்தார். இரண்டு பேரும் ஒரு விரலைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கி நிற்பதைப் பார்த்துவிட்டு, தானும் குனிந்து பார்த்தார்.

"அட, இந்தச் சுருக்கத்துக்கா இவ்ளோ கவலை? எங்கிட்ட நல்ல கிரீம் இருக்கு. ரெண்டே நாள்ல போயிடும்."

"வேணாங்க்கா, இது இருக்கட்டும்," என்றாள் நூல்காரி. மேஜைமேல் கிடந்த சாவியை இடது கையால் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "கோச்சுக்காதீங்க. கடைய நானே பாத்துக்கறேன்."

அந்த அம்மாள் போன பிறகு தொட்டிக்குள் மறுபடியும் கையை விட்டாள்.

"தண்ணி ஆறிப்போச்சான்னு எனக்கெங்க தெரியுது. நீ பாத்து ஊத்து. இன்னும் ரெண்டு விரல் பாக்கி இருக்கு."

நாத்தனார் வெந்நீர் கொண்டுவந்தாள். முதலில் தன் கையை விட்டுப் பார்த்தாள்.